மோட்டோகிராஸ் டிராக்கில் முதல் நாள்: அடிபடாமலும் பிறரை அடிக்காமலும் ஓட்டுவதற்கு

கண்ணில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில் புழுதி படிந்திருந்தது. துடைப்பதற்காக டிராக்கின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். அந்த ஓரம் ஒரு குதிமேட்டுக்கு நேர் மறுபக்கம் என்பது எனக்கு உறைக்கவில்லை. பின்னால் வந்த பையன் என்னைப் பார்த்தபோது காற்றில் இருந்தான். காற்றில் பிரேக் கிடையாது. அவனுடைய பின்சக்கரம் என் தோளில் இறங்கியது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது; அவனுக்கு முழங்கையில் தோல் போனது, வண்டியின் ஹேண்டில்பார் வளைந்தது. தவறு முழுக்க என்னுடையது.

நான் சேலத்துக்காரன். மேடும் வளைவுமான மண் டிராக்கில் பைக் ஓட்டுவதுதான் மோட்டோகிராஸ். மாதம் ஒருமுறை கோவைப் பக்கமோ பெங்களூருப் பக்கமோ இருக்கும் அத்தகைய டிராக்குகளுக்குப் போய் ஓட்டுவேன். பந்தயக்காரன் அல்ல. நாற்பதை நெருங்கும்போது இந்த ஆசை வந்தது. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு எலும்பும் சில மாதங்களும் மிச்சமாகியிருக்கும். அதனால் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேகமாக ஓட்டுவது எப்படி என்று இதில் இருக்காது.

1. எந்த வண்டி, எப்படிக் கொண்டுபோவது

பெரும்பாலானவர்கள் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற, சாலையிலும் மண்ணிலும் ஓடும் வண்டியில்தான் தொடங்குகிறார்கள். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் அதன் எடை 158 கிலோவை ஒட்டி இருக்கும். கவாஸாகி கே.எக்ஸ். 250 போன்ற முழு மோட்டோகிராஸ் வண்டி ஏறக்குறைய 108 கிலோதான். இந்த 50 கிலோவை நினைவில் வையுங்கள், பின்னால் குதிமேட்டைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மோட்டோகிராஸ் வண்டிக்குப் பதிவெண் கிடையாது. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை கூட அதைச் சாலையில் ஓட்டக் கூடாது. சின்ன யானை என்கிற சிறு லோடு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர்கள் ஓட்டிக்கொண்டே போகலாம். ஆனால் கிளட்ச் லீவர் உடைந்தால், அல்லது கை உடைந்தால், திரும்பி வருவது எப்படி? நான் இப்போது எக்ஸ்பல்ஸையும் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன்.

ஏற்றும்போது முன்சக்கரத்துக்கும் மட்காருக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுங்கள். கட்டை இல்லாமல் இழுத்தால் முன் ஃபோர்க் வழியெல்லாம் அமுங்கியே வரும், ஆயில் சீல் கசியும். கயிறு தளரும். பெல்ட்டே நல்லது.

2. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இவை இருக்கட்டும்: ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் நகல், வண்டியின் ஆர்.சி. (பதிவில்லாத வண்டியானால் வாங்கிய பில்லின் நகல்), மருத்துவக் காப்பீட்டு அட்டை, ரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. பில் நகலை அலட்சியம் செய்யாதீர்கள். ஓசூர் தாண்டும்போது நம்பர் பிளேட் இல்லாத வண்டியைப் பார்த்தால் போலீஸார் நிறுத்திக் கேட்பது இயல்பு. பில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

டிராக்கில் ஒரு பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நடப்பது எதற்கும் டிராக் நடத்துபவர் பொறுப்பல்ல என்பதே அதன் சாரம். எல்லோரும் நிற்கிறார்கள், நேரமாகிறது என்று படிக்காமல் போடாதீர்கள். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், அதற்கான செலவு யாருடையது, தடுப்புக்கட்டை உடைந்தால் யார் பணம் கட்டுவது என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். மாமா, சித்தப்பா என்று யாராவது போட்டால் செல்லாது.

வெறும் பயிற்சிக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) உரிமம் தேவையில்லை. பிறகு அவர்கள் அங்கீகரித்த பந்தயத்தில் இறங்க விரும்பினால் வேண்டும், அப்போது மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள்.

3. காப்பீடு: என்னைப் போல் மாட்டிக்கொள்ளாதீர்கள்

வண்டியின் காப்பீடு டிராக்கில் உதவும் என்று நினைக்காதீர்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் செல்லாது என்று நம் நாட்டு வண்டிக் காப்பீட்டுப் பத்திரங்களிலேயே அச்சிட்டிருக்கும். பயிற்சிச் சுற்று பந்தயம் இல்லையே என்று வாதாடிப் பார்க்கலாம். அந்த வாதத்தை நம்பி நான் வண்டியைக் கீழே போட மாட்டேன்.

மருத்துவக் காப்பீட்டில் நிலைமை கொஞ்சம் மேல். சாகச விளையாட்டு குறித்த விலக்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகம்தான், 'எக்ஸ்கிளூஷன் 09' என்று பத்திரத்தில் எண்ணோடு இருக்கும். தொழில்முறையாகப் பங்கேற்கும்போது ஏற்படும் காயத்துக்கான சிகிச்சை விலக்கப்படுகிறது என்பதே அதன் பொருள், பட்டியலில் மோட்டார் பந்தயமும் உண்டு. 'தொழில்முறையாக' என்ற அந்த ஒரு சொல்தான் நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்குப் பிடிமானம்.

எனக்கு அந்தப் பிடி எப்படி நழுவியது தெரியுமா? அவசரப் பிரிவில் என் ஜெர்சியையும் பூட்ஸையும் பார்த்த இளம் மருத்துவர் 'பைக் பந்தயத்தில் விழுந்தவர்' என்று எழுதிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே வரி ஏறிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் கேள்விக்கு மேல் கேள்வி அனுப்பியது. நான் போட்டியாளன் அல்ல, பணம் கட்டிப் பயிற்சிக்குப் போனவன் என்பதை டிராக் ரசீதோடு நிரூபித்துப் பணம் வாங்க இரண்டரை மாதம் ஆனது. எனவே:

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள்: பொழுதுபோக்காக, மூடிய டிராக்கில், பயிற்சியின்போது விழுந்தேன். அவர் எழுதியதைக் கேட்டுப் பாருங்கள். வலியில் இருப்பவரால் இது முடியாது, கூட வந்தவரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். டிராக் கட்டண ரசீதைத் தொலைக்காதீர்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலை, 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள், அன்றே கேட்டு வாங்குங்கள். பிறகு போனால் அலைய வேண்டும்.

தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு பத்திரம், அதன் விலக்குகள் வேறு. கையெழுத்திடும் முன் படியுங்கள்.

4. உடுப்பு

பணம் குறைவாக இருந்தால் முதலில் பூட்ஸ், பிறகு ஹெல்மெட் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் முதலில்தான். முகவாய் நீண்ட மோட்டோகிராஸ் ஹெல்மெட் வாங்குங்கள். சாலை ஹெல்மெட்டின் கண்ணாடி அரை மணி நேரத்தில் புழுதியும் ஆவியுமாகிவிடும். போட்டு, தலையை உதறிப் பாருங்கள், கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். ஒருமுறை தரையில் பலமாக மோதிய ஹெல்மெட்டை அலமாரியில் கூட வைக்காதீர்கள், யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பழைய ஹெல்மெட்டை இரண்டாம் கையாக வாங்கவே வாங்காதீர்கள். பூட்ஸ், முழங்கால் கவசம் ஆகியவற்றை அப்படி வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன்.

மார்புக் கவசம் விழும்போது மட்டும் உதவுவது என்று நினைத்திருந்தேன். முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரம் எறியும் கல் மார்பில் பட்டால்தான் அது எதற்கு என்று புரியும்.

நான் செலவழித்தது: ஹெல்மெட் 6,500, கண்ணாடி 1,800, பூட்ஸ் 19,000, மார்பு-முதுகுக் கவசம் 5,500, முழங்கால் 3,500, முழங்கை 1,200, கையுறை 900. மொத்தம் 38,400 ரூபாய். முதல் தடவை போய்ப் பார்ப்பதற்கு இவ்வளவு செலவழிக்க வேண்டாம். சில டிராக்குகளில் வண்டியும் கவசமும் வாடகைக்குக் கிடைக்கும். கோலார் பக்கம் பைக் பந்தய வீரர் சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட் பார்க் போன்ற இடங்களில் பயிற்சியாளரோடு வகுப்பாகவே கற்கலாம். பணமிருந்தால் அதுவே நல்ல தொடக்கம்.

5. முந்தைய நாள் மாலை, வண்டியோடு ஒரு மணி நேரம்

சாலை வண்டியானால் பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் ஆகியவற்றைக் கழற்றுவதை டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நட்டுகள் இளகுகின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். முகப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டுங்கள், உடைந்தால் சில்லு சிதறாது. சைடு ஸ்டாண்டைப் பழைய டியூபை வெட்டிய பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். குதித்து இறங்கும்போது அது கீழே விழுந்தால் அடுத்த வளைவில் உங்களைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி என எந்தப் பக்கம் திருப்பினாலும் தானாகத் திரும்பி வர வேண்டும். என்ஜின் நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா பாருங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டினால் தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். மோட்டோகிராஸ் வண்டிக்குக் காற்று 12 முதல் 14 பி.எஸ்.ஐ. எக்ஸ்பல்ஸ் கனமானது, நான் 18-க்குக் கீழே இறக்குவதில்லை.

6. எப்போது போவது

ஏழு மணிக்குத் தொடங்குகிறது என்றால் ஆறுக்கு அங்கே இருங்கள். பாதிப் பேர் காலை விளக்கவுரை முடிந்தபிறகுதான் வருகிறார்கள். அந்த உரையில்தான் அன்றைக்கு எந்த மேடு சரிந்திருக்கிறது, உள்ளே நுழையும் வழி எது, உருண்டு போகிறவர்கள், அதாவது குதிக்காமல் மேட்டில் மெதுவாக ஏறி இறங்குகிறவர்கள், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் சொல்லப்படும். அது முடிந்தபின் வண்டியில்லாமல் ஒரு சுற்று நடங்கள். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஏறி நின்று, மறுபக்கம் என்ன இருக்கிறது, எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். நான் அன்று நடக்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் நிற்காதீர்கள். புழுதியில் முன்னால் இருப்பவர் தெரியமாட்டார், முன்கை இறுகிப் பிரேக் பிடிக்க வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளம்பும் முன் ஒரு போன் செய்யுங்கள். களிமண் டிராக்கை ஒரே மழையில் மூடிவிடுவார்கள். தை, மாசி எனக்குப் பிடித்த மாதங்கள். இன்னொன்று: இடையில் தண்ணீர் லாரி வந்து நனைத்துவிட்டுப் போனால், அடுத்த இரண்டு சுற்றுக்கு அது சோப்புத் தரை.

ஓட்டத்தைத் திறமைவாரியாகப் பிரித்து, பதினைந்து இருபது நிமிடமாக விடுவார்கள். தொடக்கநிலைக் குழுவில் பெயர் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகமானவர்களோடு போனால் சீக்கிரம் கற்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்குப் பின்னால் ஓட்டியதில்லை என்று பொருள்.

7. கொடிகள்

மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் யாரோ விழுந்திருக்கிறார். வேகத்தைக் குறையுங்கள், முந்தாதீர்கள், குதிக்காதீர்கள், மேட்டில் உருண்டே இறங்குங்கள். வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட கொடி என்றால் மருத்துவக் குழு டிராக்கிலேயே இருக்கிறது, அதே விதி, இன்னும் மெதுவாக. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது. முழு பிரேக் பிடித்து நடுவில் நிற்காதீர்கள், மெதுவாக வெளியேறுங்கள். கறுப்பு உங்களைப் பார்த்து நீட்டப்பட்டால், வெளியே வாருங்கள், பேச வேண்டியிருக்கிறது. கட்டம் போட்ட கொடி, நேரம் முடிந்தது.

நீலக் கொடியைத்தான் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேகமானவர் ஒருவர் உங்களைத் தாண்டப் போகிறார் என்பதே அதன் செய்தி. விலகு என்று சொல்வதாக நினைத்துச் சட்டென்று ஓரம் போவார்கள், அவரும் அதே ஓரத்தில்தான் வந்துகொண்டிருப்பார்.

சிறிய டிராக்குகளில் எல்லா மேட்டிலும் கொடி காட்டும் மார்ஷல் நிற்கமாட்டார். கொடி இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

8. உள்ளே நுழைவது

குறித்த வழியில் மட்டும் நுழையுங்கள். நின்று, வருகிற பக்கம் பாருங்கள். ஓரமாகவே சேர்ந்து, முதல் வளைவு முடிந்தபிறகு உங்கள் பாதையை எடுங்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முதல் இரண்டு சுற்று பார்வைக்கு மட்டும்தான், எல்லா மேட்டிலும் உருண்டு இறங்குங்கள். நேற்று இருந்த மேடு இன்று அதே மேடு அல்ல.

எதிர்த்திசையில் ஒரு அடி கூட ஓட்டாதீர்கள். தவறவிட்ட மேட்டை மறுபடி முயல வேண்டுமானால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வர வேண்டும்.

9. உங்கள் லைனில் இருங்கள்

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. மெதுவாக ஓட்டுவது ஆபத்தல்ல. நடந்துபோகும் வேகத்தில் ஒரே கோட்டில் போகிறவரை யாரும் இடிப்பதில்லை. பின்னால் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்து, தோள் திரும்பிய பக்கமே வண்டியும் திரும்பி, குறுக்கே போய் நிற்கிறவரைத்தான் இடிக்கிறார்கள். முந்துகிறவர்தான் பார்த்து முந்த வேண்டும், அது அவருடைய பொறுப்பு. நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று அவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்தைப் பொய்யாக்காமல் இருப்பது மட்டும்தான் உங்கள் வேலை. திரும்பிப் பார்க்காதீர்கள். கையசைத்து 'போ, போ' என்று காட்டாதீர்கள், கையை எடுத்தால் வண்டி ஆடும்.

வளைவில் இது இன்னும் முக்கியம். வெளிப்புறச் சரிவில் ஏறினால் முடியும்வரை அதிலேயே வாருங்கள். உள்ளே நுழைந்தால் உள்ளேயே. நடுவில் மனம் மாறினால் மோதல்தான்.

குதிமேட்டில் உருளப் போகிறீர்களா, விளக்கவுரையில் சொன்ன பக்கத்தில் ஓரமாகப் போங்கள், மேட்டின் முகப்பில் ஏறும்போதே அதே கோட்டில் இருங்கள், உச்சியில் நிற்காதீர்கள். குதிக்கப் போகிறீர்களா, நேராகக் குதியுங்கள். குறுக்காகக் குதித்தால் பக்கத்தில் காற்றில் இருப்பவர் மேல் இறங்குவீர்கள். தட்டையான முதுகுள்ள டேபிள்டாப்பில் பழகுங்கள், தூரம் குறைந்தாலும் மண்ணில்தான் விழுவீர்கள். நடுவில் பள்ளமுள்ள டபுளில் தூரம் குறைந்தால் எதிர் மேட்டின் முகத்தில் மோதுவீர்கள்.

டபுளில் சிக்குகிறவர்களில் பலர் முன்னால் போனவரின் வேகத்தைப் பார்த்து அதே வேகத்தில் போனவர்கள். அவருடையது 108 கிலோ வண்டி, உங்களுடையது 158. அவருடைய சஸ்பென்ஷன் அதற்கென்றே செய்யப்பட்டது. அவருடைய வேகம் உங்களுக்குக் கணக்கல்ல.

நீங்கள் யாரையாவது முந்தும் நிலை வந்தால், அவர் உங்களைவிடப் புதியவர். அகலமான இடம் வரும்வரை காத்திருங்கள். உள்ளே நுழைந்து வழியை அடைப்பதெல்லாம் பந்தயத்துக்கு. முந்தியதும் அவர் முன்னால் பிரேக் பிடிக்காதீர்கள்.

10. விழுந்தால், விழுந்தவரைப் பார்த்தால்

நீங்கள் விழுந்தால் முதலில் வண்டியைப் பார்க்காதீர்கள், வண்டிகள் வருகிற பக்கம் பாருங்கள். எழ முடிந்தால் கிட்டத்து ஓரத்துக்கு ஓடுங்கள். இறங்கும் பகுதியில் விழுந்திருந்தால் வண்டியை அங்கேயே விடுங்கள், பிறகு எடுக்கலாம். புது வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அடிபட்டவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடி துடைக்க, கையுறை இழுக்க, யோசிக்க, எதற்காகவும் மேட்டுக்குப் பின்னால் நிற்காதீர்கள்.

வேறொருவர் விழுந்திருந்தால், உதவப் போகிறேன் என்று எல்லோரும் அவரிடம் ஓடுவார்கள். முதலில் வருகிறவர் போக வேண்டிய இடம் அது அல்ல. மேட்டின் முன்பக்கத்துக்கு வந்து, ஓரமாக, ஏறி வருகிறவர்களுக்குத் தெரியும்படி நின்று இரண்டு கைகளையும் ஆட்ட வேண்டும். இரண்டாவது ஆள்தான் விழுந்தவரிடம் போக வேண்டும். அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பேச்சுக் கொடுங்கள், கழுத்தை அசைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டிராக்கில் ஆம்புலன்ஸ் இல்லையென்றால் 108. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அதே எண்தான்.

11. வெளியேறுவதும் கணக்கு முடிப்பதும்

வெளியேறும் வழிக்கு ஒரு வளைவு முன்பே ஓரத்துக்கு வந்து, இடக்கையை உயர்த்திக் காட்டிவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். வண்டிகள் நிறுத்துமிடத்தில் முதல் கியர்தான், அங்கே குழந்தைகள் இருப்பார்கள். கை நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். 'கடைசியாக ஒரே ஒரு ரவுண்டு' என்று யாராவது சொன்னால் நான் எழுந்து டீ வாங்கப் போய்விடுவேன்.

ஒரு நாளைய செலவு எனக்கு: டிராக் கட்டணம் அரை நாளுக்கு 1,500, சின்ன யானை வாடகையில் என் பங்கு 3,750 (இரண்டு வண்டி, சேலம்-கோவை போக வர), பெட்ரோல் 600, சாப்பாடும் இளநீரும் 400. ஆக 6,250 ரூபாய். லீவர் ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஓட்டிக்கொண்டு திரும்புகிறீர்கள் என்றால் நம்பர் பிளேட்டையும் பக்கக் கண்ணாடிகளையும் மாட்டி, டயரில் காற்றை ஏற்றி, சைடு ஸ்டாண்டைக் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். கட்டு இருப்பதை மறந்து பெட்ரோல் பங்க்கில் வண்டியைச் சாய்த்து, அதோடு சேர்ந்து விழுந்தவன் சொல்கிறேன்.

யாரோடாவது உரசியிருந்தால் கிளம்பும் முன் அவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். படிவத்தில் போட்ட கையெழுத்தின்படி யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பையனின் ஹேண்டில்பாருக்கான பணத்தை மருத்துவமனையிலிருந்தே அனுப்பினேன். பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, "அண்ணா, அடுத்த முறை கண்ணாடியை வெளியே வந்து துடையுங்கள்" என்று செய்தி போட்டிருந்தான். அன்று என் வண்டியைச் சின்ன யானையில் ஏற்றிக் கட்டி அனுப்பியதும் அவன்தான். பெல்ட் கிடைக்காமல் கயிற்றால் கட்டியிருந்தான். ஒற்றைக் கையோடு அந்த முடிச்சுகளை அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.